சீன அரண்மனைத் தோட்டத்தில் மூன்று சுற்று

1

எங்கள் மகள் அபிராமி லண்டனை விட்டுப் பெய்ஜிங் நகரத்துக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் நிறைந்த அன்று, நானும் மனைவியும் சீன அரசர் கல்யாணம் முடித்துத் தங்கிய அறையைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். விமானங்களுக்குள் குப்பை கூட்டி இருபத்தாறு வருஷம் கழித்தவனுக்கு அரசர் வீட்டுப் படுக்கையறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த யோசனை வரத்தான் செய்தது. பிள்ளையார் எந்த வழியால் யாரை எங்கே கொண்டுபோய் விடுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நாங்கள் இருப்பது லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில். வீட்டுக்கு மேலே விமானம் போகாத நேரம் குறைவு. மலர், அதுதான் என் மனைவி, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் உடுப்புக் காயப்போடும்போது விமானச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நிமிர்ந்து பார்ப்பாள். வெள்ளிக்கிழமை கோயில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளின் போன். இந்த இரண்டும் தவறினால் அந்தக் கிழமையே எங்களுக்குக் கிழமை இல்லை.

அபி பெய்ஜிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவள், மூன்று ஆக்கிவிட்டாள். இந்த முறை பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்டிருக்கிறது. மூன்று வருஷம் நிறைந்ததும் வருகிற திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வைக்கவேண்டும். அபி போனில், "அம்மா, நீங்கள் ரெண்டுபேரும் ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு வேண்டாம் எண்டு சொன்னால் நான் சைன் வைக்கேல்லை. ப்ராமிஸ்" என்றாள்.

மலர் அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டாள். "பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? நான் போறது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர. இருபத்தொன்பது வயதாகுது. சொந்தம் ஒண்டும் இல்லாத இடத்தில என்ன சீவியம்?"

"நாங்கள் வரேக்கை லண்டனிலை ஆர் சொந்தம் இருந்தது?" என்று கேட்டேன்.

"நாங்கள் வந்தது உயிருக்குப் பயந்து. இவள் போனது சம்பளத்துக்கு. ரெண்டையும் சேர்த்துக் கதையாதேங்கோ."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒன்று மனதில் கிடந்து உறுத்தியது. இருபத்திரண்டு வயதில் நான் வெளிக்கிட்டபோது என் அம்மாவும் "ஒரு வருஷத்தில் வந்திடுவான்" என்றுதான் அயலட்டையில் சொல்லிக்கொண்டு திரிந்தா. அந்த வருஷம் இன்னும் முடியவில்லை. இப்போது அபி போன் எடுத்து, "அங்கை மழையோ? கோயில்ல சனமோ?" என்று கேட்கும்போது, நான் அம்மாவிடம் கேட்ட அதே கேள்விகள் எனக்குத் திரும்பி வருகின்றன. எங்களுக்கு யாழ்ப்பாணம் ஊர். அவளுக்கு ஹவுன்ஸ்லோ ஊர். அந்த ஊரில் இருந்து போனுக்குக் காத்திருக்கிற கிழடுகள் நாங்கள்.

2

விசா எடுத்த கதையைச் சொல்லாமல் விட முடியாது.

என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். மலரின் குடும்பப் பெயர் என் பெயர். அபியின் குடும்பப் பெயரும் என் பெயர்தான், ஆனால் பிறப்புப் பதிவில் யாரோ கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். கவுன்ரரில் இருந்த பெட்டை கடவுச்சீட்டுகளையும் அபி அனுப்பிய அழைப்புக் கடிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"இவர் உங்கள் கணவரா?" என்று மலரைக் கேட்டாள்.

"முப்பத்திரண்டு வருஷமா" என்றாள் மலர்.

"அப்படியானால் ஏன் குடும்பப் பெயர் வேறு?"

மலர் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தத் தொடங்கினாள். என் பெயர், என் தகப்பனின் பெயர், அவருடைய தகப்பனின் பெயர் என்று அவள் எங்கள் பரம்பரையில் மேலே ஏற ஏற, அந்தப் பெட்டையின் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் கல்யாணச் சான்றிதழோடு இன்னொரு நாள் வரச்சொன்னாள். போனோம். விசா கிடைத்தது. வெளியே வந்ததும் மலர் விபூதியை எடுத்து என் நெற்றியிலும் தன் நெற்றியிலும் பூசினாள். மிச்சம் விரலில் இருந்ததைக் கடவுச்சீட்டிலும் ஒரு தடவு தடவினாள்.

3

அரண்மனைக்குப் போன நாள் வெள்ளிக்கிழமை. விடிய எழும்பி முழுகி, அபியின் சின்ன வீட்டில் சமைக்கிற குசினி மூலையில் இருந்த பிள்ளையார் படத்துக்கு மலர் விளக்குக் கொளுத்தினாள். அந்தப் படம் அங்கே இருந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். படத்துக்கு முன்னால் ஒரு தோடம்பழமும் வைத்திருந்தாள் பிள்ளை. ஆனால் மலருக்கு அது போதவில்லை.

"முப்பது வருஷமாய் ஒரு வெள்ளியும் கோயில் தவறவிடேல்லை. காய்ச்சலோடையும் போனனான். இண்டைக்கு ஒரு கோயில் வாசல் மிதிக்க வழியில்லை."

"அரண்மனைக்குள்ள கோயில் மாதிரியும் இடங்கள் இருக்கு, அம்மா" என்றாள் அபி.

"கோயில் மாதிரி இருக்கிறதெல்லாம் கோயிலோ?"

தெற்கு வாசலில் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே போனோம். முன்பக்கம் முழுக்கப் பெரிய பெரிய முற்றங்களும் கொலுமண்டபங்களும். ஒரு மரம் இல்லை. என்ன பெருமை இருந்தாலும் மனிதர் சீவிக்கிற இடம் மாதிரித் தெரியவில்லை. அபி எங்களை விறுவிறு என்று அவற்றைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அதெல்லாம் ஒபிஸ், அப்பா. வீடு பின்னுக்குத்தான்."

உண்மைதான். ஒரு வாசலைத் தாண்டியதும் எல்லாம் சின்னதாகிவிட்டது. ஒடுங்கிய ஒழுங்கைகள், இரண்டு பக்கமும் சிவப்பு மதில், மதிலுக்கு உள்ளே முற்றம் வைத்த வீடுகள். முற்றத்தில் ஆள் உயர வெண்கலக் கிடாரங்கள். நெருப்புப் பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைப்பார்களாம். மலர் ஒன்றைத் தட்டிப் பார்த்து, "அன்னதானத்துக்கு நல்லாய் இருக்கும்" என்றாள்.

வாசல்களில் முழங்காலளவு உயரத்துக்கு நிலைப்படி. மலர் சேலையைத் தூக்கிப் பிடித்து, காலில் போட்டிருந்த ஓட்டச் சப்பாத்து வெளியே தெரிய, ஒவ்வொன்றாய்க் கடந்தாள். ஒன்றிலும் கால் முட்டவில்லை. ஓர் இடத்தில் மட்டும் படியைக் காணவில்லை. கடைசியாய் இருந்த அரசர் சின்ன வயதில் சைக்கிள் ஓடப் பழகினவராம். தடக்குது என்று படிகளை அறுப்பித்துவிட்டாராம்.

"பாத்தியளோ, பிள்ளையள் போறதுக்குப் பெரியாக்கள் வழி விட்டிருக்கினம்" என்றாள் அபி.

"நிலைப்படியை அறுத்தவைக்கு அதுக்குப் பிறகு அரசாட்சி நிலைச்சதோ எண்டும் சொல்லு" என்றாள் மலர்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடாரத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.

கல்யாண அறைக்கு வந்தோம். சிவப்புச் சுவர், சிவப்புத் திரை, கட்டில். மலருக்கு அது பிடித்துக்கொண்டது. "எங்கட மணவறை மாதிரி." அதே கட்டடத்தின் மற்றப் பக்கத்தில் சாமி கும்பிட்டவர்களாம். கல்யாண அறையும் சாமி அறையும் ஒரு கூரைக்குக் கீழே என்றதும் அவள் முகம் மலர்ந்தது. அப்போது பார்த்து அபி, "அதுக்குள்ளதான் சாமிக்குப் பண்டி இறைச்சி அவிச்சவை" என்றாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்!" மலர் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த முற்றத்துக்கு ஓடினாள்.

அங்கேதான் அரசரின் மற்ற மனைவிமார் இருந்த வீடுகள். கண்ணாடிக்கு உள்ளே ஒரு சின்ன மேசை, முகம் பார்க்கிற கண்ணாடி, யன்னலோடு ஒட்டிய திண்டு. அந்தத் திண்டில் இருந்து பார்த்தால் சிவப்பு மதில் மட்டும்தான் தெரியும். பதின்மூன்று, பதினாலு வயதில் உள்ளே வந்த பிள்ளைகளாம். பெற்றவர்கள் நினைத்தவுடன் வந்து பார்க்க முடியாதாம். அரசர் அனுமதி கொடுக்க வேண்டுமாம்.

மலர் அந்தத் திண்டைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "இஞ்சருங்கோ, அந்தத் தாய்மார் எல்லாம் எப்பிடிச் சாப்பிட்டு எப்பிடி நித்திரை கொண்டிருப்பினம்?" என்றாள்.

"எங்களுக்கெண்டாலும் பிள்ளையைப் பாக்க விசா தந்தவை" என்றேன், சிரிக்கவைக்க.

"ரெண்டு தரம் அலைஞ்சு" என்றாள். சிரிக்கவில்லை.

4

எல்லாவற்றுக்கும் பின்னால் தோட்டம். முன்பக்கத்தில் காணாத மரங்கள் எல்லாம் இங்கேதான் ஒளித்திருந்தன. நூற்றுக்கணக்கான வருஷத்துக் கிழட்டு மரங்கள், தண்டு முறுகி, சிலதுக்கு இரும்புத் தடி ஊன்றுகோல். கல்லை அடுக்கி ஒரு மலை, அதன் தலையில் ஒரு மண்டபம். பாதையில் சின்னச் சின்னக் கூழாங்கல்லால் பூவும் பறவையும் பதித்திருந்தார்கள். அரசகுடும்பம் காற்று வாங்கிய இடம். கைகால் விரித்து நடக்க அவர்களுக்கு இருந்ததே இவ்வளவுதான் என்று நினைக்க, எங்கள் கவுன்சில் பார்க் எவ்வளவு பெரிது என்று பட்டது.

தோட்டத்தின் நடுவில் ஒரு மண்டபம், அதைச் சுற்றி மதில். "இது கோயில்தான், அம்மா. நெருப்பு வராமல் காக்கச்சொல்லித் தண்ணிச் சாமியைக் கும்பிட்டவை" என்று அபி சொன்னாள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மலர் என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷமாய் அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை" என்றாள்.

"இது எங்கட சாமி இல்லையே, மலர்."

"தண்ணி எங்கட தண்ணி இல்லையோ? கழட்டுங்கோ."

இரண்டு சோடிச் சப்பாத்தையும் ஒரு கிழட்டு மரத்தடியில் வைத்தோம். வாசலில் நின்று கும்பிட்டோம். பிறகு மதிலுக்கு வெளியாலே, வலப்பக்கமாக, மலர் முன்னுக்கும் நான் பின்னுக்குமாய்ச் சுற்றத் தொடங்கினோம். கூழாங்கல் காலுக்குக் குளிர்ந்தது. மலர் தேவாரம் பாடினாள். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. உண்மையைச் சொன்னால் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது.

இரண்டாம் சுற்றில் பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி போட்ட சீன அம்மாமார் பத்துப் பன்னிரண்டு பேர், எங்களுக்குப் பின்னால் வரிசையாகச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்! எல்லோர் கையும் கும்பிட்டபடி. ஒருவர் தன் சப்பாத்தையும் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். அவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பொடியன் கொடியைத் தூக்கிக்கொண்டு ஏதோ கத்தியபடி பின்னால் ஓடி வருகிறான். ஒருவரும் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை.

"மலர், பின்னுக்குச் சனம் வருது."

"கோயில் எண்டால் சனம் வரும்தானே. பேசாமல் வாங்கோ."

மூன்று சுற்றும் முடிந்து, விழுந்து கும்பிட்டு எழும்பிப் பார்த்தால், மரத்தடியில் எங்கள் சப்பாத்து இல்லை. சீருடை போட்ட ஒரு காவல்காரப் பிள்ளை எங்களுக்கு முன்னால் நின்றாள். எங்கள் வெறுங்காலைக் காட்டி ஏதோ கேட்டாள். நான் காலைக் காட்டினேன். மலர் மரத்தைக் காட்டினாள். அந்தப் பிள்ளை கையில் இருந்த வோக்கிடோக்கியில் யாரையோ கூப்பிட்டாள். மஞ்சள் தொப்பிக்காரர் எல்லோரும் சுற்றி நின்று ஆளாளுக்கு நியாயம் கதைத்தார்கள்.

அப்போதுதான் அபி மூன்று தேத்தண்ணியோடு வருவதைக் கண்டேன். வெறுங்காலை எங்கே மறைப்பது என்று இடம் தேடினேன்.

ஏன் என்றால், எங்கள் பிள்ளை எங்களால் வெட்கப்பட்டதை நான் நிறையப் பார்த்தவன். பதினொரு வயதில் கவுன்சில் ஒபிஸில் எங்களுக்காக மொழிபெயர்க்கும்போது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று குசுகுசுப்பாள். பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் மலர் மைதானத்துக்குள் போய் அவள் நெற்றியில் விபூதி பூச, ஓடத் தொடங்க முன்னமே அதைத் துடைத்துவிட்டாள். "அம்மா, ப்ளீஸ்." அந்த இரண்டு சொல்லையும் நாங்கள் எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறோம்.

அபி தேத்தண்ணியை என் கையில் தந்தாள். காவல்காரப் பிள்ளையிடம் சீன மொழியில் கதைக்கத் தொடங்கினாள். குசுகுசுப்பு இல்லை. எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, கையை ஆட்டி, மலரின் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு கதைத்தாள். என்ன சொல்லியிருப்பாளோ, முதலில் அந்தக் காவல்காரி சிரித்தாள், பிறகு தொப்பிக்காரர் எல்லோரும் சிரித்து, மலரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். துப்புரவு செய்கிற ஒரு அம்மா சப்பாத்துகளைக் காணாமல் போன சாமான் என்று எடுத்து வைத்திருந்தாவாம். பையில் போட்டுக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினா.

"என்ன பிள்ளை சொன்னனி?" என்று கேட்டேன்.

"இது என்ர அம்மா, அப்பா. கும்பிடுகினம். எங்கட முறை இதுதான், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மூண்டு தரம் சுத்துறது எண்டு சொன்னன். வேறை என்ன சொல்ல?"

மலர் மகளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் குனிந்துவிட்டாள். அவள் கட்டி முடித்து எழும்பும்வரை நான்தான் மூன்று தேத்தண்ணியையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

5

தொப்பிக்காரரில் ஒருவர் போகவில்லை. அறுபத்தைந்து வயது இருக்கும். கட்டையான ஆள். சப்பாத்தைக் கக்கத்தில் வைத்துச் சுற்றினவ அவதான். லீ என்று பெயர், பெய்ஜிங்குக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னா. நாங்கள் எந்த நாடு என்று அபியிடம் கேட்டா. இங்கிலாந்து என்றதும் மலரின் கையைப் பிடித்துவிட்டா.

அபி மொழிபெயர்த்தாள். "அவவின்ர ஒரே மகன் பர்மிங்காமிலை வேலையாம். நாலு வருஷமாம். அங்கை நல்ல குளிரோ எண்டு கேக்கிறா."

"குளிர்தான். ஆனால் வீட்டுக்குள்ள ஹீற்றர் இருக்கு எண்டு சொல்லு."

"சனம் நல்ல சனமோ எண்டு கேக்கிறா."

"நல்ல சனம் எண்டு சொல்லு. எங்களை ஆரெண்டே தெரியாத காலத்தில பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எனக்குப் பிரசவத்துக்குக் கார் ஓடினவ. நீ பிறந்தது அப்பிடித்தான் எண்டும் சொல்லு."

அபி சொன்னாள். லீ அம்மாவின் கண் கலங்கிவிட்டது. நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னா.

"சொந்தம் ஒண்டும் இல்லாத இடத்தில தன்ர பிள்ளை என்ன சீவியம் சீவிக்குதோ எண்டு யோசிச்சு நித்திரை வாறதில்லையாம்."

அபி இதைச் சொல்லும்போது தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மலர் லீ அம்மாவின் கையை மற்றக் கையாலும் பொத்தினாள்.

"யோசிக்க வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. தேடிக்கொள்ளுவினம். நாங்களும் தேடிக்கொண்டனாங்கள். பிள்ளையள் நாங்கள் நினைக்கிறதை விடக் கெட்டிக்காரர் எண்டு சொல்லு."

அபி சொல்லி முடிக்க, லீ அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டா. அபி உடனே அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?" என்றாள் மலர்.

"அது... மகள் எப்ப இங்கிலாந்துக்குத் திரும்பிப் போறா எண்டு உங்களைக் கேக்கிறா."

வேறு ஒரு கூட்டம் எங்களைக் கடந்து போனது. அபி தேத்தண்ணிக் கப்பின் மூடியை நோண்டிக்கொண்டு நின்றாள். பதினொரு வயதில் நின்றமாதிரியே நின்றாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு எண்டு சொல்லு" என்றாள் மலர்.

அபி நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்? மொழிபெயர். அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் தருகினம்?"

"அம்மா, நான் படிப்பிக்கிறதுக்கு..."

"ஓமோம். சொல்லு."

அபி சொன்னாள். லீ அம்மா இரண்டு விரலைக் காட்டி, சரியா என்று மலரைப் பார்த்தா. மலரும் இரண்டு விரலைக் காட்டினாள். அப்பனே, அந்த நேரம் எந்தச் சாமி அந்தத் தோட்டத்தில் நின்றதோ எனக்குத் தெரியாது. நின்றது மட்டும் நிச்சயம்.

6

லண்டனுக்கு வந்து இரண்டாம் சனிக்கிழமை, மலர் புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் பருப்பும் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். லீ அம்மாவிடம் வாங்கிய மகனின் விலாசம் அவள் கையில் இருந்தது.

"முன்பின் தெரியாத பொடியன் கதவைத் திறப்பானோ?" என்றேன்.

"சட்டியைக் கண்டால் திறப்பான்."

இரண்டரை மணித்தியாலம் ஓடிப் பர்மிங்காம் போய்ச் சேர்ந்தோம். பொடியன் திறந்தான். முப்பது வயது, கண்ணாடி, காலில் வேறுவேறு நிறத்தில் காலுறை. மலர் தன்னுடைய ஆங்கிலத்தில், "உன் அம்மா அனுப்பினவ" என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை. அவன் வெருண்டுபோய் அங்கேயே நின்று தாய்க்கு வீடியோ போன் எடுத்தான். திரையில் லீ அம்மா மலரைக் கண்டு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பொடியன் புட்டைக் கரண்டியால் சாப்பிட்டான். இரண்டாம் தரம் கேட்டும் போட்டுக்கொண்டான். நாங்கள் வெளிக்கிடும்போது, தாய் கேட்கச்சொன்னதாக, அபியின் வீட்டு விலாசத்தை மலரிடம் கேட்டு எழுதிக்கொண்டான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அபியின் போன். வழமையாக மழையோ, கோயில்ல சனமோ என்று தொடங்குகிறவள், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, வாசல்ல லீ அம்மா பெரிய சட்டியோட நிக்கிறா. சப்பாத்தை வெளியிலை கழட்டி வைச்சிட்டு உள்ளை வரப் பாக்கிறா. நீங்களோ அனுப்பினது?"

மலர் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை என்னிடம் இருந்து பறித்தாள்.

"விடு பிள்ளை, உள்ளை விடு. அவ எங்கட ஆள்."